மார்பக ஒப்பரேஷனுக்குப் பிறகு அம்மா எதையும் செய்யப் பயப்படுகிறார்

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் என்று இடது மார்பகத்தையும் கமக்கட்டு நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து இப்போது நோய் திரும்பாமல் இருக்க எடுக்கிற தமொக்சிஃபென் மாத்திரை மட்டும்தான். காயம் நன்றாக ஆறிவிட்டது என்று மஹரகம கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் அம்மா அந்தக் கையை வயிற்றோடு அணைத்தபடியே இருக்கிறார், உடுப்பு காயப்போடுவதோ கோயிலுக்குப் போவதோ, எதைச் சொன்னாலும் "இனி என்னால ஏலாது பிள்ளை" என்ற ஒரே பதில். பார்க்க வருகிறவர்கள் "தைரியமா இருங்கோ" என்கிறார்கள், அவர்கள் போனதும் இன்னும் சோர்ந்துவிடுகிறார். நடை, சாப்பாடு, நித்திரை எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. மனதை முதலில் பார்ப்பதா, பழக்கங்களையா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, எனக்கும் இதே ஒப்பரேஷன்தான். இரண்டையும் பிரிக்காதீங்கோ. பிசியோ மிஸ் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றப் பழக்கினார், எட்டின இடத்தில் என் மகன் பென்சிலால் கோடு போட்டு வைப்பான். கோடு சுவிட்சைத் தாண்டின அன்று, யார் சொல்லியும் வராத நம்பிக்கை வந்தது. அப்புறம் தலையை நானே பின்னினேன், கொடியில் துவாய் போட்டேன். பாசத்தில் எல்லா வேலையையும் அம்மாவின் கையிலிருந்து வாங்கிவிடாதீங்கோ, கீரை ஆயக் கொடுங்கோ. தண்ணீர் வாளி மாதிரி பாரம் மட்டும் வேண்டாம்.

உளவளத்துணையாளர்:
அக்காவின் பென்சில் கோடுதான் விஷயம். உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியது இதைத்தான்: "என்னால் முடியும்" என்ற எண்ணத்தை அதிகம் வளர்ப்பது, தானே செய்து பார்த்து வெல்வது. தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பதும் உதவும். வெறும் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு பலம் இல்லை. அதனால் கிளினிக்கில் இதைக் கடந்துவந்த ஒருவரோடு அம்மாவைக் கதைக்க விடுங்கள். இந்த எண்ணம் உள்ளவர்கள்தான் நடையையும் சாப்பாட்டையும் விடாமல் பிடிக்கிறார்கள், பிடிக்கப் பிடிக்க எண்ணமும் பலப்படுகிறது. வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது இலக்கு, ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு மரைன் டிரைவில் பத்து நிமிடம் நடந்தாலே தொடக்கம்தான்.

இன்னொன்று, தமொக்சிஃபெனால் இரவில் உடம்பு கொதித்து வியர்த்து நித்திரை கெடலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று அதற்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அம்மாவுக்கு அது மருந்தின் வேலை என்று விளக்குங்கள். கை வீங்கினாலோ, பாரமாக இருந்தாலோ, காப்பு இறுகினாலோ உடனே கிளினிக்கில் காட்டுங்கள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் டொக்டரைப் பாருங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால் தமொக்சிஃபென் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பரொக்சிடின், ஃபுளூவொக்சிடின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கும்.

வெள்ளவத்தை மகள்:
மிக்க நன்றி. இன்று கருவேப்பிலை உருவக் கொடுத்தேன், வாங்கினார். சோயா மீற் கூடவே கூடாது என்று பெரியம்மா சொல்கிறார், உண்மையா?

கொட்டாஞ்சேனை அக்கா:
சாப்பாடாகச் சாப்பிடுகிற சோயாவுக்குப் பயப்படத் தேவையில்லை, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அதைத்தான் சொல்கிறது. சோயாச் சத்து மாத்திரைகள்தான் வேண்டாம். பைக்கற்றோடு வரும் தூளில் பாதி போட்டால் போதும், அதில் உப்பு அதிகம்.