ராயபுரம் வீடு: அம்மாவின் அறுபதாவது வருஷம்

எங்கள் குடும்ப அரட்டைக் குழுவிலிருந்து

வைகாசி, சனிக்கிழமை காலை

தம்பி (பெங்களூர்): எல்லாரும் கவனியுங்கள். ஆவணியில் அம்மாவுக்கு அறுபது. மண்டபம் இப்போதே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். நூறு பேர், மதியச் சாப்பாடு, கேக். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒரு நெக்லஸும் எடுத்துவிடலாம்.

அத்தை: நல்ல யோசனைப்பா. ஆவணியில் முகூர்த்தம் நிறைய. சீக்கிரம் விசாரி.

மாமா (திருவொற்றியூர்): அத்தானுக்குத் திருக்கடையூரில் செய்தோமே, அதேபோல அக்காவுக்கும் கோயிலில் ஏதாவது செய்தால் என்ன?

பெரியம்மா: அது சஷ்டியப்தபூர்த்தி. வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்தால் செய்வது. பொம்பளைக்கு அறுபது ஆனால் தனியாக ஒரு சடங்கு என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உன் அக்காவுக்குத் தாலி கட்டினார்கள், ஆனால் விசேஷம் அவருடையதுதான்.

நான்: அதனால்தான் இந்த அறுபதை அம்மா இஷ்டப்படி செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா, பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறாயே, ஏதாவது சொல்லு.

அம்மா: அடுப்பில் கை வேலை. வருகிறேன்.

அம்மா: தம்பி, மண்டபம் வேண்டாம்பா. நெக்லஸும் வேண்டாம். நான் பிறந்தது பராபவ வருஷம், 1966. இந்தச் சித்திரையோடு அதே பராபவ வருஷம் திரும்பி வந்துவிட்டது. ஒரு சுற்று முடிந்தது என்றால் அடுத்த சுற்றில் நான் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை. ஒரு பகல் முழுக்க மண்டப வாசலில் நின்று வாங்க வாங்க என்று சொல்வதில் எனக்கு ஆசையில்லை. இதுவரை செய்யாததை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். அடுத்த ஆவணி வரைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி (பெங்களூர்): சூப்பர்மா! அப்படியென்றால் துபாய் போகலாம். இல்லை, கப்பலில் அந்தமான்?

அம்மா: நீ ஆசையாகக் கேட்கிறாய், தெரிகிறது. ஆனால் துபாயில் நீ கூட்டிப்போகிற இடத்துக்கெல்லாம் நான் பின்னால் வருவேன், அவ்வளவுதான். நானே செய்கிற மாதிரி வேண்டும். தூரமாகவும் இருக்க வேண்டாம். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்: படி அம்மா.

அம்மா: ரத்தம் கொடுக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். படகில் ஏற வேண்டும், காசிமேட்டில் மீன் வாங்கியே வயசாகிவிட்டது, தண்ணீர் மேல் ஒரு தடவையும் போனதில்லை. அப்புறம் ரயிலில் எங்கேயாவது தனியாகப் போய் வர வேண்டும். துணைக்கு யாரும் வரக் கூடாது.

மாமா (திருவொற்றியூர்): அக்கா, ஸ்கூட்டரா? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி எப்படிப் போகிறது என்று தெரியும்தானே. நான் தினம் பார்க்கிறேன். வேண்டவே வேண்டாம்.

அம்மா: அந்தச் சாலைப் பக்கம் நான் ஏன்டா போகிறேன். தெருவுக்குள், மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு.

மாமா (திருவொற்றியூர்): அப்படியானால் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் சின்ன பேட்டரி வண்டி எடுத்துக்கொள். அதற்கு லைசென்ஸே வேண்டாம்.

அம்மா: லைசென்ஸ் வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. எட்டு போட்டு வாங்க வேண்டும்.

நான்: நான் விசாரித்தேன் மாமா. நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வாங்கித் தர வேண்டும். எல்.எல்.ஆர், அதாவது பழகுநர் உரிமம், 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம். 55 வயதுக்கு மேல் லைசென்ஸ் 5 வருஷத்துக்குத் தருவார்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன், நாமே தெருவில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஹெல்மெட்டை அம்மா தலைக்கு அளவு பார்த்து வாங்கலாம்.

மாமா (திருவொற்றியூர்): சரி. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டால் சரி. ஆனால் படகு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழவேற்காட்டில் ஏறலாம் என்றுதானே நினைக்கிறாய்?

அம்மா: ஆமாம். ஏரியும் கடலும் சேர்கிற இடம், பூநாரை வரும் என்றார்கள்.

மாமா (திருவொற்றியூர்): 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. யாராவது கரையில் நின்று ஐந்நூறு ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதே அக்கா. லைஃப் ஜாக்கெட் போடாத படகில் நம் வீட்டு ஆள் யாரும் ஏறக் கூடாது.

அம்மா: நினைவிருக்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சரிடா, அங்கே ஏறவில்லை.

அத்தை: முட்டுக்காட்டில் அரசு படகுக் குழாம் இருக்கிறதே. ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுவார்கள். படகு அங்கே, பறவை பழவேற்காட்டில். இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள் அண்ணி. கார்த்திகைக்கு மேல் போனால் பூநாரை இருக்கும். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ். டச்சுக்காரர்கள் கல்லறையும் அங்கேதான். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், நான் நின்று பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நானும் வருகிறேன்.

பெரியம்மா: ரத்தம் கொடுப்பது எதற்கு? இந்த வயசில் உடம்பில் இருப்பதையும் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? அதை மட்டும் விட்டுவிடு.

அம்மா: அக்கா, மற்றதெல்லாம் ஆசை. இது கடன். 1992இல் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரியில் பெரியவள் பிறந்தபோது எனக்கு இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். கொடுத்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. நான் ஒரு தடவைகூட யாருக்கும் கொடுத்ததில்லை.

நான்: நான் பிறந்தபோது நடந்த இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே அம்மா.

அம்மா: பிறந்தநாளன்று சொல்கிற விஷயமா அது.

அப்பா: உள்ளே விடவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டில் ஏறி முடிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாதி ஏறியதும் ஆயாம்மா வெளியே வந்து, உதட்டில் நிறம் வந்துவிட்டது, போய் டீ குடித்துவிட்டு வாங்க என்றார். நான் போகவில்லை.

பெரியம்மா: எனக்கும் அந்த ராத்திரி மறக்கவில்லை. சரி. கொடு.

அக்கா (ஸ்டான்லி): ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். சித்தி, ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம், இதில் தேதி முக்கியம். ரத்த தானத்துக்கு மேல் வயது 65. ஆனால் முதல் முறை கொடுப்பவர்கள் அறுபது தாண்டியிருக்கக் கூடாது. நீங்கள் ஒரு தடவையும் கொடுத்ததில்லை. அதனால் ஆவணிக்கு முன்பே முடிக்க வேண்டும்.

நான்: ஐயோ, அப்போது முதலில் இதுதான்.

அக்கா (ஸ்டான்லி): எடை 45 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், சித்திக்குப் பிரச்சினை இல்லை. ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். போன மாதம் சித்தி டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பினாரே, அதில் 11.6. பிரஷர் மாத்திரை போட்டாலும் அளவு 140க்கு 90க்குள் இருந்தால் எடுப்பார்கள். முடிவு சொல்வது அங்கே இருக்கும் டாக்டர்தான். முதலில் ரத்தம் ஏன் குறைவு என்று நம் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொன்னால் மட்டும் போட வேண்டும்.

அம்மா: முருங்கைக்கீரை தினம் சமைக்கிறேன்.

அக்கா (ஸ்டான்லி): சமையுங்கள், கூடவே எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் சாப்பிட்டவுடன் டீ குடிக்கிறீர்களே, அதை நிறுத்த வேண்டும். டீ இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

அம்மா: அதுதான் கஷ்டம். செய்கிறேன்.

அப்பா: நானும் தள்ளிக் குடிக்கிறேன். ஒரே நேரத்தில் போடு.

தம்பி (பெங்களூர்): அம்மா, நான் மண்டபத்தை மறந்துவிட்டேன். ரத்தம் கொடுக்கிற அன்று லீவு போட்டு வருகிறேன்.

அம்மா: வா. மண்டபக் காசைப் பத்திரமாக வை. முட்டுக்காட்டுக்கு எல்லாரும் போக வேன் பேசலாம்.

ஆனி, ஞாயிறு இரவு

நான்: (படம்) இரண்டாவது கடற்கரைச் சாலை. அம்மா கையில் அத்தோ தட்டு. பெரியம்மாவும் வந்தார்கள்.

அத்தை: பட்டியலில் இது இல்லையே!

நான்: பாரிமுனை போன இடத்தில் அம்மாவே நின்றுவிட்டார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்த சாப்பாடு என்று அப்பா சொல்லிக் கேட்டதோடு சரி, தெருவில் நின்று சாப்பிடுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. கடைக்காரர் கையாலேயே நூடுல்ஸைப் பிசைந்து, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பேஜோ என்கிற பொரித்த மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தார். அம்மா அவரிடம் எண்ணெயில் என்ன வறுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். வாழைத்தண்டு சூப்பை இரண்டாவது கப்பும் வாங்கினார்.

பெரியம்மா: எனக்குப் புளிப்பு அதிகம். அவளுக்குப் பிடித்தது.

அம்மா: வீட்டில் செய்து பார்க்கிறேன். பேஜோ மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

ஆடி, வெள்ளி காலை

அக்கா (ஸ்டான்லி): சித்தி ரத்தம் பார்த்தாயிற்று. 12.8. பிரஷர் சரியாக இருக்கிறது. டாக்டர் சரி சொல்லிவிட்டார்.

பெரியம்மா: சாப்பிட்டுவிட்டுத்தானே போனாள்?

அக்கா (ஸ்டான்லி): நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார் அம்மா. வெறும் வயிற்றில் எடுக்க மாட்டோம். இப்போது படுத்திருக்கிறார். கையில் பந்து கொடுத்திருக்கிறோம், அழுத்தி அழுத்தி விடுகிறார். எடுக்கப்போவது 350 மில்லி. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நான்: நான் பக்கத்தில் நிற்கிறேன். பை ஒரு சின்ன தட்டில் ஆடிக்கொண்டே இருக்கிறது, உறையாமல் இருப்பதற்காம். அம்மா அதையே பார்க்கிறார். இது யாருக்குப் போகும் என்று கேட்டார். சொல்ல முடியாது, பிரித்துச் சிவப்பணு, பிளாஸ்மா என்று வேறு வேறு ஆட்களுக்குப் போகும் என்றார்கள். எனக்கும் அப்படித்தானே வந்தது என்றார். அதற்குமேல் என்னால் அங்கே பேச முடியவில்லை.

தம்பி (பெங்களூர்): நான் வாசலில் அப்பாவோடு இருக்கிறேன். இந்தத் தடவை அப்பா உள்ளே போகலாம் என்றார்கள். போய்விட்டார்.

அம்மா: முடிந்தது. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள். வலி ஒன்றும் இல்லை, எறும்பு கடித்த அளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அக்கா (ஸ்டான்லி): சித்தி, இன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது. அடுத்த தடவை நான்கு மாதம் கழித்து. இனி நீங்கள் முதல் முறைக்காரர் இல்லை, 65 வரை கொடுக்கலாம்.

மாமா (திருவொற்றியூர்): எனக்கு 57. நானும் இதுவரை கொடுத்ததில்லை. சுகர் மாத்திரை போடுகிறேன், எடுப்பார்களா?

அக்கா (ஸ்டான்லி): இன்சுலின் போடுகிறவர்களிடம் எடுக்க மாட்டார்கள். மாத்திரை என்றால், கடைசி நான்கு வாரத்தில் அளவை மாற்றாமல் சுகர் கட்டுக்குள் இருந்தால் எடுப்பார்கள். செவ்வாய் காலை வாருங்கள் மாமா, நான் இருப்பேன்.

மாமா (திருவொற்றியூர்): வருகிறேன்.

ஆடி, ஞாயிறு

அம்மா: எல்.எல்.ஆருக்கு எழுதிப் போட்டாயிற்று. ரயில் விஷயமும் முடிவு செய்துவிட்டேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை போயிருக்கிறது. நம் ஸ்டேஷன் தூண்களைத் தினமும் தாண்டிப் போகிறோம், அந்த வண்டி போய்ச் சேர்ந்த ஊரை நான் பார்த்ததில்லை. புதன்கிழமை சென்ட்ரலில் ஏறி அங்கே இறங்கி, சாயந்திரம் திரும்புகிறேன்.

தம்பி (பெங்களூர்): நான் ஆப்பில் டிக்கெட் போடுகிறேன் அம்மா.

அம்மா: வேண்டாம். கவுன்டரில் நானே எடுப்பேன். போய் இறங்கியதும் ஒரு படம் போடுகிறேன், அதுவரை யாரும் போன் செய்யாதீர்கள்.

அப்பா: புதன்கிழமை மதியம் நானே சமைத்துக்கொள்கிறேன். குழம்புக்குப் புளி எவ்வளவு?

அம்மா: எலுமிச்சம்பழ அளவு. வெந்நீரில் ஊற வையுங்கள்.