மெகா லுகாரியோவுக்காக 3 பிரைஸ் கொடுக்கலாமா?

செந்தூல்காரன்:
போக்கிமான் கார்டு ஆட்டத்துல மெகா எவல்யூஷன் செட் 2025 செப்டம்பர் 26 இறங்குனதுல இருந்து, சனிக்கிழமை மேசையில உக்காந்தா ஆளாளுக்கு எந்த டெக் (ஆடுற கார்டுக் கட்டு) கட்டலாம்னு கேக்குறாங்க. ஒரே இடத்துல எழுதிடுறேன். போட்டிக்குன்னு பார்த்தா மெகா லுகாரியோ எக்ஸ் தான். 340 எச்பி (உயிர்), ரியோலு கார்டு மேல நேரா ஏறுது. ஒரே ஒரு ஃபைட்டிங் எனர்ஜி கார்டுல ஆரா ஜாப்னு ஒரு தாக்குதல், 130 அடி. அடிச்ச கையோட குப்பையில (எறிஞ்ச கார்டுக் குவியல்) கிடக்குற 3 எனர்ஜிய பெஞ்ச்ல (பின் வரிசை) இருக்குறதுங்க மேல ஒட்டிடலாம். ரெண்டு எனர்ஜி சேர்ந்தா மெகா பிரேவ், 270. பக்கத்துல சோல்ராக்கும் லுனடோனும் இருந்தா, கையில இருக்குற ஒரு எனர்ஜிய எறிஞ்சிட்டு 3 கார்டு எடுக்கலாம். எறிஞ்ச எனர்ஜிய ஆரா ஜாப் திரும்பக் கூட்டிட்டு வந்துடும். இதுல வீணாப் போறதுன்னு எதுவுமே இல்ல லா.

பழைய_டிராகன்:
அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இருக்குறதே 6 பிரைஸ், அவங்கவங்க டெக்ல இருந்து கவுத்து வச்ச கார்டு. எதிராளியோடத விழ வச்சா நம்ம பிரைஸ எடுப்போம், ஆறும் எடுத்தா ஜெயிப்பு. மெகா ஒன்னு விழுந்தா 3 போச்சு. ரெண்டு விழுந்தா பையைக் கட்டிக்கிட்டு மாமாக் கடைக்குப் போயிட வேண்டியதுதான். என் டிராகபல்ட் எக்ஸ் விழுந்தா 2 தான். ஃபாண்டம் டைவ் முன்னால 200 அடிக்கும், பின்னால பெஞ்ச்ல 60 தூவும். உங்க ரெண்டாவது லுகாரியோ எழுந்து நிக்கும்போதே பாதி செத்திருக்கும்.

செந்தூல்காரன்:
கணக்குப் போட்டுப் பாரு தம்பி. பெஞ்ச்ல 60, அடுத்த ரவுண்டு இன்னொரு 60, அப்புறம் முன்னால வந்ததும் 200. மொத்தம் 320. எனக்கு 340. உன் மூனு ரவுண்டு உழைப்புக்கு அப்புறமும் 20 எச்பியோட நின்னுக்கிட்டு இருப்பேன்.

பழைய_டிராகன்:
மங்கிடோரிய மறந்துட்டீங்களா? அது மேல ஒரு டார்க் எனர்ஜி இருந்தா போதும், என் பக்கத்து அடிய 30 வரைக்கும் தூக்கி உங்க தலையில வைக்கும். முடிஞ்சது கதை. சரி, உங்க பக்கம் பாப்போம். மெகா பிரேவ் 270, டிராகபல்ட்டுக்கு 320 எச்பி. உங்களுக்கும்தான் 50 இடிக்குது. அதுவும் ஒரு தடவை அடிச்சா அடுத்த ரவுண்டு அதே அடிய அடிக்க முடியாது.

செந்தூல்காரன்:
மேக்ஸிமம் பெல்ட் மாட்டுனா எக்ஸ் மேல 50 கூட. கரெக்டா 320. இல்லன்னா பிரீமியம் பவர் புரோ ரெண்டு போடு, 330. அப்புறம், அடிச்ச லுகாரியோ உள்ள போயிடும், பெஞ்ச்ல எனர்ஜியோட காத்துக்கிட்டு இருக்குற இன்னொன்னு வெளிய வரும். ஆரா ஜாப் எதுக்கு இருக்குன்னு நினைச்ச?

பழைய_டிராகன்:
பெல்ட் ஏஸ் ஸ்பெக் அண்ணே, டெக்குக்கு ஒன்னுதான். அது பிரைஸ்ல போய் படுத்துக்கிட்டா? நான் ரெண்டாவதா ஆடுனா முதல் ரவுண்டே புட்யூவ முன்னால விடுவேன். எனர்ஜியே வேணாம், இச்சி போலன். 10 தான் அடி, ஆனா அடுத்த ரவுண்டு நீங்க ஐட்டம் கார்டே போட முடியாது. பவர் புரோவும் ஃபைட்டிங் காங்கும் கையில அழகா இருக்கும், அவ்வளவுதான்.

செந்தூல்காரன்:
புட்யூவுக்கு 30 எச்பி. சோல்ராக் ஒரு எனர்ஜியில 70 அடிக்கும். ஒரு பிரைஸ் இனாமா வாங்கிட்டு மேல போவேன். எல்லாரும் டிராகபல்ட் டிராகபல்ட்னு ஒரே பாட்டு. 2024 ஹொனலுலு உலகப் போட்டியில சிலி நாட்டு ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ் அயர்ன் தார்ன்ஸ் எக்ஸ் எடுத்துட்டுப் போய் ஜெயிக்கலையா? புதுசா ஒன்னைக் கட்டிப் பழகுறவனுக்குத்தான் காலம்.

ஜாலான்_ஈப்போ_அக்கா:
அந்த உதாரணம் உங்களுக்கு உதவாது தம்பி. அயர்ன் தார்ன்ஸ் முன்னால நின்னா, எதிராளியோட எக்ஸ், வி கார்டு எல்லாத்துக்கும் எபிலிட்டி (அடிக்காமலே செய்யுற தனித் திறமை) கட். அன்னிக்கு ஓடுன டெக் பாதி எபிலிட்டிய நம்பி இருந்துச்சு, அதனால எடுபட்டுச்சு. லுகாரியோ யாரோட கையையும் கட்டுறதில்ல. அடிக்குது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்றேன். எதிர்ல படிவம் 3 படிக்கிற பையன், லுகாரியோ. என் டெக் கார்டிவாய். மெகா பிரேவும் ஒரு பவர் புரோவும் சேர்த்து கார்டிவாய் எக்ஸ அடிச்சான், 300. ஃபைட்டிங் அடின்னா கார்டிவாய்க்கு 30 கழியும், ஆக 270. கார்டிவாய்க்கு 310. பையன் கார்டை ரெண்டு தடவை எடுத்துப் படிச்சான், பாவம். என் முறை. பெஞ்ச்ல ஒரு டிரிஃப்லூன், 70 எச்பி பலூன். கார்டிவாயோட எபிலிட்டி சைக்கிக் எம்பிரேஸ் மூனு தடவை. குப்பையில இருந்து மூனு எனர்ஜி ஏறுது, ஒவ்வொன்னுக்கும் 20 அடிய அதுவே வாங்கிக்குது. 10 எச்பியோட முன்னால வந்துச்சு. உடம்புல 6 டேமேஜ் கவுண்டர், ஒவ்வொன்னுக்கும் 30, ஆக 180. லுகாரியோவுக்கு சைக்கிக் ஆகாது, ரெண்டு மடங்கு, 360. ஒரு பலூன் 3 பிரைஸ் எடுத்துச்சு.

செந்தூல்காரன்:
10 எச்பி பலூன் எத்தனை ரவுண்டு நிக்கும்கா? சோல்ராக் தட்டுனா போச்சு.

ஜாலான்_ஈப்போ_அக்கா:
போகட்டும். நீங்க 1 எடுப்பீங்க, நான் 3 எடுத்துட்டேன். அடுத்த பலூனும் அங்கதான் நிக்குது.

செந்தூல்காரன்:
அந்தப் பையன் ஹரியாமா போடல போல. மகுஹிட்டா மேல ஹரியாமா ஏத்துன உடனே, உங்க பெஞ்ச்ல எது வேணுமோ அதை முன்னால இழுக்கலாம், சப்போர்ட்டர் கார்டு செலவே இல்லாம. ரெண்டாவது ரவுண்டே, கார்டிவாயா மாறப் போற கிர்லியாவ இழுத்து ஆரா ஜாப்ல அடிச்சா கார்டிவாய் எங்க இருந்து வரும்? நான் ரெண்டு ஹரியாமா வைக்கிறேன். பட், ஒன்னு ஒத்துக்குறேன், கார்டிவாய் எழுந்து நின்னுட்டா எனக்குக் கஷ்டம்தான்.

பழைய_டிராகன்:
ஆஹா, பதிவு பண்ணி வச்சுக்கோங்க மக்களே.

புதுசு_கெப்போங்:
வணக்கம் அண்ணே, அக்கா. எங்கிட்ட 150 வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்கு. தீபாவளிக்கு முன்னால ஒரு டெக் முடிக்கணும். ஒரு கடையில லுகாரியோ ஒன்னுக்குக் கேட்ட விலையில எங்க அப்பா காடிக்கே பெட்ரோல் அடிச்சிருப்பார்.

ஜாலான்_ஈப்போ_அக்கா:
பேக் மட்டும் பிரிக்காதே தம்பி, காசு கரியாப் போயிடும். தனிக் கார்டா வாங்கு. சோல்ராக், லுனடோன், ஹரியாமா எல்லாம் மேசையில கேட்டாலே சும்மா தருவாங்க. விலை லுகாரியோ மேலதான். தீபாவளி முடியட்டும். நவம்பர் 14 ஃபாண்டாஸ்மல் ஃப்ளேம்ஸ்னு அடுத்த செட் வருது, எல்லாரும் சாரிஸார்ட் பின்னால ஓடுவாங்க. அப்ப கேளு.

செந்தூல்காரன்:
எங்கிட்ட ஒரு செட் கூடுதலா இருக்கு, சனிக்கிழமை வா, கடனா எடுத்து ஆடிப் பாரு. முறுக்கு தின்ன கையோட மட்டும் ஸ்லீவ்ல கை வைக்காதே. போன வருசம் ஒருத்தன் எண்ணெய்க் கையில ஷஃபல் பண்ணி நாலு ஸ்லீவ மாத்த வேண்டியதாப் போச்சு.

புதுசு_கெப்போங்:
சரிண்ணே, ரொம்ப நன்றி. அக்கா, உங்ககிட்ட டிரிஃப்லூன் ரெண்டு மிச்சம் இருக்கா?

செந்தூல்காரன்:
டேய்.