அக்கா வீடு கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் பாதையில்லை

ஹட்டனிலிருந்து:

எங்கள் குசினி ஜன்னலில் நின்றால், கீழே அக்கா தன் முற்றத்தில் துணி காயப்போடுவது தெரியும். இடையில் இருப்பது ஒரு வடிகால் கானும் ஒரு தடுப்புச் சுவரும் மட்டுமே. ஆனால் ஓட்டோவில் போவதென்றால் எங்கள் பாதையால் பிரதான வீதிக்கு இறங்கி, இரண்டு வளைவுகளைத் தாண்டி, அவர்களுடைய பாதையில் மறுபடி ஏற வேண்டும். இரண்டு கிலோமீற்றருக்குக் குறையாது. ஆகவே கறிச்சட்டி கூடையில் ஏறிக் கயிற்றில்தான் இறங்குகிறது.

இரண்டு காணிகளும் முன்பு ஒரே தேயிலை மலையாக இருந்தவை. வெவ்வேறு ஆட்கள் வாங்கிப் பேர்ச் கணக்கில் துண்டுபோட்டு விற்றபோது, ஒவ்வொருவரும் தங்கள் கடைசித் துண்டு வரைக்கும் பாதை வெட்டி நிறுத்திக்கொண்டார்கள். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கிய பழைய கற்படிகள் அந்தத் தடுப்புச் சுவருக்குள் போய்விட்டன. சரிவில் பாதைகளை இணைக்க முடியாது என்கிறார்கள். இதே சரிவில்தான் எங்கள் அம்மா கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

போன மழைக்குப் பாதையின் வாயில் மண் சரிந்து, பதினான்கு வீட்டாரும் இரண்டு நாள் உள்ளேயே கிடந்தோம்.

கண்டியிலிருந்து:

ஏரிக்கரைப் பழைய நகரில் வளர்ந்தவன் நான். குறுக்கும் நெடுக்குமாக அமைந்த அந்த வீதிகளில் தலதா வீதி நெரிசலாக இருந்தால் கொட்டுகொடெல்ல வீதியால் போய்விடலாம். இப்போது குடியிருக்கும் மேட்டில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: ஐந்து முச்சந்தி, ஆறு முட்டுச்சந்து, நாற்சந்தி ஒன்றுகூட இல்லை. மரக்கிளை போன்ற அமைப்பு அது. அடியில் அடைபட்டால் எல்லாக் கிளையும் அடைபடும்.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-போல் என்ற இரு ஆய்வாளர்கள் உலகத் தெருக்களையெல்லாம் இப்படித்தான் அளந்து 2020இல் வெளியிட்டார்கள். 1975க்குப் பின் நகரங்கள் புதிதாகப் பரவிய இடங்களில் தெருக்கள் ஒன்றோடொன்று இணைவது உலகளவில் குறைந்துவருகிறது என்பது அவர்கள் கண்டது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம், ஆனால் ஒருமுறை போட்ட தெருவை மாற்றுவது அரிது என்பதால் இது பல தலைமுறைக்கு நிற்கும். ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகள் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் இணைப்பு விட்டு இதைக் கொஞ்சம் தணித்திருக்கின்றனவாம். உங்கள் கற்படி செய்த வேலையும் அதுதானே?

ஹட்டனிலிருந்து, மீண்டும்:

அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, இரண்டும் தனியார் பாதைகள், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். பிறகு கான் ஓரத்துக் காணிக்காரரிடமே நேரில் போனோம். மூன்றடி அகலத்துக்குப் படி கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் கேற் போட்டு, மாலை ஆறு மணிக்குத் தானே பூட்டுவாராம். அக்கா வேலை முடிந்து வீடு திரும்புவது ஆறரைக்கு.