மறு: காக்பிட் கிளாக் – தமிழில் என்ன சொல்லலாம்?

> இரண்டாம் உலகப் போர்க்கால விமானக் கடிகாரங்களை அடையாளம் காண்பது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். காக்பிட் கிளாக்குக்கு 'வான்கன்னல்' பொருந்துமா?

அழகான சொல்தான் ஐயா. ஆனால் கன்னல் என்றாலே இன்று கரும்புதான் நினைவுக்கு வருகிறது. குறுநீர்க் கன்னல் நீரால் நாழிகை அளந்த கலம். இதுவோ சாவி கொடுத்தால் ஓடும் சுருள்வில் பொறி, பல வகைகள் எட்டு நாள் ஓடும்.

> அப்படியானால் நேராக 'விமானி அறைக் கடிகாரம்'?

காக்பிட்டைச் சொல்லுக்குச் சொல் சேவற்குழி என்று பெயர்க்காதவரை நிம்மதி! ஆனால் குண்டுவீச்சு விமானத்தில் வழி கணிக்கும் நேவிகேட்டர் முன்னாலும் இதே கடிகாரம் இருந்ததே, அதை என்ன செய்வது?

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் திருகாணித் துளைகள். உடல் முழுதும் கருவிப்பலகைக்குள் புதைந்துவிடும், முதுகுக்குக் கை எட்டாது. அதனால்தான் சாவிக் குமிழ் முகப்பின் கீழ்ப்பக்கம் வந்தது. மேசைக் கடிகாரமா, விமானத்துடையதா என்று சொல்லும் முதல் தடயமே இதுதான். ஆகவே என் பரிந்துரை: 'பலகைக் கடிகை'. ஜெர்மானியர் 'போர்ட்-ஊர்' என்றார்கள், கலத்தில் உள்ள கடிகாரம் என்ற பொருளில். அவர்களும் அறையைத் தொடவில்லை.

இன்னொன்று. ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனம் செய்த ஜே30பிஇசட் கடிகாரத்தின் 'எஃப்எல் 23885', பிரிட்டிஷ் கடிகாரத்தில் கிரீடத்தின் கீழ் 'ஏஎம்' (ஏர் மினிஸ்ட்ரி, விமான அமைச்சகம்) என்ற முத்திரையோடு வரும் '6ஏ/' எண் இரண்டையும் 'தொடர் எண்' என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. தொடர் எண் கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். இது அந்த வகை முழுவதற்கும் ஒன்றே. 'கிடங்கு எண்' என்றால் குழப்பம் தீரும். வகையை இதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

'ஒளிர்பூச்சு' சரி. ஆனால் பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள்: மங்கிப்போனது ஒளிரும் துத்தநாக சல்பைடு மட்டுமே, அதை ஒளிரவைத்த கதிரியக்க ரேடியம் அப்படியே இருக்கிறது. ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. ஒளிரவில்லையே என்று கண்ணாடியைக் கழற்றி முள்ளைச் சுரண்டிவிடப் போகிறார்கள்.

> முகப்பைச் சுற்றியுள்ள பெசலுக்கு 'சுழல்வளையம்' போட்டிருக்கிறேன்.

யுங்ஹான்ஸில் சுழலும், சரி. சுழலாத விளிம்புள்ள மாதிரிகளுக்கு? 'முகவளையம்' என்று வைத்துக்கொண்டு, சுழல்வதற்கு மட்டும் 'சுழல் முகவளையம்' எனலாம்.