தொழில் வரியை வேலைவாய்ப்புக்கு ஒதுக்கலாமா?

கேள்வி:
தமிழ்நாட்டில் சம்பளம் வாங்குவோரிடமும் தொழில் செய்வோரிடமும் உள்ளாட்சிகள் அரையாண்டுதோறும் வசூலிக்கும் தொழில் வரியின் ஒரு பகுதியை, உள்ளூர் வேலைவாய்ப்புக்கென்றே சட்டப்படி ஒதுக்குவது முறையாகுமா?

பதில் 1:
முறையே. மகாராஷ்டிரம் 1975இல் தொழில் வரிச் சட்டம் கொண்டுவந்ததே வேலை உறுதித் திட்டத்துக்கு நிதி திரட்டத்தான்; நகரத்தில் சம்பளம் வாங்குவோர் செலுத்திய வரியால், வறட்சியில் வாடிய கிராமத்தார் குளம் வெட்டியும் சாலை போட்டும் கூலி பெற்றனர்.

பதில் 2:
ஐயா, அது மாநில அரசு வசூலித்த வரி. நம் பேரூராட்சிகளோ குடிநீர்க் குழாயைப் பழுதுபார்ப்பதற்கும் தெருவிளக்கு எரிவதற்கும் இத்தகைய வரிகளை எதிர்பார்த்திருக்கின்றன. மேலும், அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு தொழில் வரிக்கு விதித்த, ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்னும் உச்சவரம்பு 1988க்குப் பிறகு உயர்த்தப்படவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அந்த உச்சவரம்பை முதலில் உயர்த்தி, கூடுதலாகக் கிடைப்பதை மட்டும் ஒதுக்கலாமே. அத்தொகை நிறுவனங்களுக்குச் சலுகையாகப் போவதைவிட, வாய்க்கால் தூர்வாருவோருக்குக் கூலியாகப் போவதே நியாயம் என்பேன்.