டிசைன் தானா கத்துக்கிட்டவங்க எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிச்சீங்க? அடி வாங்குன கதையும் சேத்து சொல்லுங்க

கலர்பென்சில்:

நானே மொதல்ல ஆரம்பிக்கிறேன். படிச்சது பி.காம், டிசைன் எல்லாம் 2020 லாக்டவுன்ல யூடியூப் பாத்து கத்துக்கிட்டது. எந்த வீடியோ தொறந்தாலும் போட்டோஷாப் போட்டோஷாப்னே சொன்னாங்க, சரின்னு நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். சும்மா இருந்திருக்கலாம், மாமா பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகைய நானே டிசைன் பண்றேன்னு வாய விட்டுட்டேன்.

உக்காந்து தமிழ்ல டைப் அடிச்சா "பெரியோர்களும்"ங்கற வார்த்தைல கொம்பு பகரத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. ஃபான்ட்தான் சரியில்லைன்னு நெனச்சு இருபது ஃபான்ட் எறக்கி போட்டுப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே கூத்து. மூணு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அப்ப இருந்த வெர்ஷன்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப்னு ஒரு எடம் இருந்துச்சு, அங்க டெக்ஸ்ட் இஞ்சின மாத்தணும், பாராகிராஃப் பேனல்லயும் வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு குடுக்கணும், அப்பதான் கொம்பு அதோட எடத்துக்கு வந்துச்சு. நான் பாத்த எந்த வீடியோவுலயும் இத சொல்லல, அவங்க யாரும் தமிழ்ல டைப்பே அடிக்கல போல.

அதோட விட்டுச்சா? பிரஸ்ல கொண்டு போய் குடுத்தா அண்ணன் ஜூம் பண்ணி பாத்துட்டு "தம்பி இது எந்த டிபிஐ"ன்னு கேக்குறாரு. நான் ஏ4 சைஸ்ல 595க்கு 842 பிக்சல் வச்சிருந்தேன், அதாவது 72 டிபிஐ, ஒரு இன்ச்சுக்கு 72 புள்ளி. 300 டிபிஐல அதே ஏ4க்கு 2480க்கு 3508 வேணும். ஸ்க்ரீன்ல கண்ணாடி மாதிரி தெரிஞ்ச எழுத்து ப்ரூஃப்ல ஊறப்போட்ட அரிசி மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவரு கேட்டதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல: "கோரல் ஃபைல் இருக்கா?" (கோரல்ட்ராங்கற வேற ஒரு டிசைன் சாஃப்ட்வேர்.)

டிடிபி அக்கா:

ஹாஹா, அந்தக் கேள்விய நானே ஒரு நாளைக்குப் பத்து தடவ கேப்பேன் தம்பி. பேஜ்மேக்கர்னு பக்கம் கட்டுற பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்துச்சு, அந்தக் காலத்துலேருந்து இந்த வேலைல இருக்கேன். எங்க ஊருப் பக்கம் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் கட்டிங், நோட்டீஸ், எல்லாமே கோரல்தான். அது ஒசத்தின்னு சொல்ல வரல, கடைல உக்காந்திருக்கறவருக்கு அதுதான் கைப்பழக்கம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு எழுத்து மாத்தணும்னா அவரால அதுலதான் மாத்த முடியும். அதனால உங்க ஃபைல் கடைசில எந்த மேசைக்குப் போகுதோ அந்த மேசைல கேட்டுட்டு அப்புறம் சாஃப்ட்வேர் தேடுங்க.

பழைய ஃபான்ட் சமாச்சாரம் வேற இருக்கு. பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சது நெஜத்துல தமிழே இல்ல, உள்ள இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும்தான், மேல தமிழ் வேஷம். அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா வேஷம் கலைஞ்சிடும். அதுக்குத்தான் குடுக்குறதுக்கு முன்னாடி கோரல்ல கன்ட்ரோல் க்யூ அடிச்சு கர்வ்ஸ் ஆக்கிடுன்னு சொல்றது, அதாவது எழுத்து வெறும் கோட்டு வடிவமா மாறிடும், அப்புறம் டைப் அடிச்சு திருத்த முடியாது. அதனால கர்வ்ஸ் ஆக்குறதுக்கு முன்னாடி ஒரு காப்பி தனியா வச்சுக்கணும், இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. ஒரு தடவ கர்வ்ஸ் ஆக்குன ஃபைல் மட்டும்தான் கைல, போன் நம்பர்ல 1க்கு பதிலா 7, அது என்ன ஃபான்ட்டுன்னும் ஞாபகமில்ல, அட்ரஸ்ல இருந்த பின்கோடுலேருந்து ஒரு 1 திருடிட்டு வந்து ஒட்டுனேன். கஸ்டமருக்கு இன்னிக்கும் தெரியாது.

ரெண்டு ஜிபி ரேம்:

என் பேருலயே கதை இருக்கு. ஸ்கூல்ல அரசு குடுத்த லேப்டாப், அதுல பெரிய சாஃப்ட்வேர் தொறந்தா நான் டீ குடிச்சுட்டு வந்துரலாம். காசும் கெடையாது, க்ராக் போடவும் பயம் (ஒரு தடவ போட்டு வைரஸ் வந்து ப்ராஜெக்ட் எல்லாம் போச்சு, அது தனிக் கதை). அதனால இன்க்ஸ்கேப். ஃப்ரீ, வெக்டர் (எவ்ளோ பெருசாக்குனாலும் ஒடையாது), தமிழ் யூனிகோட்ல அடிச்சா எந்த செட்டிங்கும் தொடாமலே கொம்பு அதுவா சரியா உக்காரும், கலர்பென்சில் பட்ட பாடு எனக்கு இல்ல. முக்தா மலர், கேட்டமரான், பாலூ தம்பி இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீயாவே கெடைக்குது, நோட்டீஸுக்கு பாலூ தம்பி போட்டா நல்லா கொழுகொழுன்னு இருக்கும்.

அடி எங்கன்னா கலர்ல. இன்க்ஸ்கேப்ல நாம பாக்குறது ஆர்ஜிபி, அதாவது ஸ்க்ரீன் வெளிச்சத்துல வர்ற கலர், பிரஸ்ல ஓடுறது சிஎம்ஒய்கே, அதாவது நாலு மைல வர்ற கலர். கபடி டோர்னமென்ட் நோட்டீஸுக்கு பளபளன்னு ஒரு பச்சை வச்சேன், அச்சாகி வந்தது பாசி புடிச்ச கெணறு. பசங்க இன்னும் கிண்டல் பண்றாங்க. இப்ப டிசைன இன்க்ஸ்கேப்ல முடிச்சுட்டு ஸ்க்ரைபஸ்னு இன்னொரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல கொண்டு போய் சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்குறேன், ரெண்டு வேலைதான், ஆனா அஞ்சு பைசா செலவில்ல.

கேக் வீடு:

நான் டிசைனரே கெடையாது, வீட்ல கேக் செஞ்சு விக்கிறேன், போன்ல கேன்வா மட்டும்தான். ஆரம்பிச்ச அன்னைக்கே போஸ்டர் ரெடி, அந்த சந்தோஷம் வேற எதுலயும் வராது. என்ன, நான் அழகா இருக்கேன்னு எடுத்த டெம்ப்ளேட்டையே எங்க தெரு முனைல இருக்குற இன்னொரு அக்காவும் எடுத்துருக்காங்க, அதே ரோஸ் கலர், அதே செர்ரிப் பழம், பேரு மட்டும் வேற. அவங்க ஆர்டர் எனக்கு வந்துச்சு, என்னோடது அவங்களுக்குப் போச்சு. வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு இது போதும், ஆனா டப்பா மேல ஒட்டுற லோகோவ இப்பதான் ரெண்டு ஜிபி தம்பி சொன்ன இன்க்ஸ்கேப்ல போட்டுப் பாத்துட்டு இருக்கேன். பேனா டூல் மட்டும் கைக்கு அடங்கவே மாட்டேங்குது, வட்டம் போட்டா உருளைக்கிழங்கு வருது.

ரெண்டு ஜிபி ரேம்:

அக்கா வட்டத்துக்கு பேனா எடுக்காதீங்க, சர்க்கிள் டூல் எடுத்து கன்ட்ரோல அமுக்கிப் புடிச்சுட்டு இழுங்க. பேனா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கலர்பென்சில்:

அடுத்த மாசம் அதே மாமா பொண்ணோட பையனுக்கு காதுகுத்து. இந்தத் தடவ இன்க்ஸ்கேப்லதான், பிரஸ் அண்ணன்கிட்ட போன்ல கேட்டுட்டேன், "பிடிஎஃப் குடு, எழுத்த கர்வ்ஸ் ஆக்கிக் குடு, சுத்தி மூணு மில்லிமீட்டர் ப்ளீட் விடு"ன்னாரு (ப்ளீட்னா பேப்பர வெட்டுறப்ப போற ஓரம்). டிடிபி அக்கா, கர்வ்ஸ் ஆக்குறதுக்கு முன்னாடி ப்ரூஃப் உங்களுக்கு அனுப்புறேன், போன் நம்பர மட்டும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க.