மணிக்கொருதரம் கேஷைத் துடைக்கலாமா?

கொக்குவிலான்: யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு ஸ்ரூடியோவின் லினக்ஸ் சேர்வரை நான்தான் பார்க்கிறேன். 16 ஜிபி றாம். றாம் நிலவரம் காட்டுகிற 'ஃப்ரீ' கட்டளை அடித்தால் சும்மா கிடப்பது 300 எம்பிகூட இல்லை, மிச்சமெல்லாம் கேஷ், அதாவது டிஸ்கில் இருக்கிற ஃபைல்களின் பிரதி. அதனால் மணிக்கொருதரம் அதைத் துடைக்கிற 'டிராப் கேஷஸ்' கட்டளையை ஓட விட்டிருக்கிறேன். இதில் என்ன பிழை?

நல்லூரான்: நீங்கள் பார்க்கிற நிரலே பிழை தம்பி. 'அவெய்லபிள்' நிரலைப் பாருங்கள், புரோகிராம்கள் கேட்டால் கொடுக்கக்கூடிய றாம் அதில்தான் தெரியும். வாசித்த ஃபைலை லினக்ஸின் மையப் பகுதியான கேணல் 4 கேபி பக்கங்களாக றாமில் வைத்துக்கொள்ளும். அதே பிரதி டிஸ்கிலும் இருப்பதால், ஒரு புரோகிராம் இடம் கேட்டால் உடனே கைவிட்டுவிடும். நீங்கள் துடைத்த பிறகு அல்பத்தைத் திறக்கிறவருக்கு ஒவ்வொரு சிறுபடத்துக்கும் ஹாட் டிஸ்க் தேட வேண்டும். ஒரு தேடலுக்கு ஏறக்குறைய 10 மில்லிசெக்கன். நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கணக்குப் பாருங்கள். அந்தக் கட்டளை சோதனை செய்கிறவர்களுக்கானது.

கொக்குவிலான்: சரி அண்ணை, இரவு பக்கப் ஓடுகிறதே? பழைய கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒருதரம் வாசித்துத் தள்ளுகிறது. விடிய வந்தால் நேற்று வேலை செய்த அல்பம் கேஷில் இல்லை. தேவையானதைத் துரத்திவிட்டுத் தேவையில்லாததை வைத்திருக்கிற கேஷை எப்படி நம்புவது?

நல்லூரான்: நியாயமான கேள்வி. கேணல் இரண்டு வரிசை வைத்திருக்கிறது. புதிதாக வாசித்த பக்கம் முதலில் கீழ் வரிசைக்குத்தான் போகும், திரும்பவும் தொட்டால்தான் மேல் வரிசைக்கு ஏறும். பக்கப் ஒருதரம் தொட்டது முதலில் வெளியே போகும். இது முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் திருத்த வேண்டிய இடம் பக்கப் புரோகிராம். வாசித்து முடித்த பகுதி இனி வேண்டாம் என்று அது 'எஃப்அட்வைஸ்' மூலம் கேணலுக்குச் சொல்லலாம். நீங்களோ நல்லதையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள்.

சுன்னாகத்தான்: இரண்டு பேரும் வாசிப்பைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஆபத்து எழுதுவதில். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க, 2 ஜிபி படத்தைப் பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணுகிறார்கள். பட்டை ஓடி முடிகிறது, பிடுங்கிக் கொடுக்கிறார்கள். வீட்டில் பாதிப் படம் திறக்காது. பட்டை முடிந்தது றாமுக்குள் மட்டும்தான்! இன்னும் எழுதாத பக்கங்கள் 'அவெய்லபிள்' றாமில் 10 வீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுத்து தொடங்கும், 20 வீதம் வரை சேர இடமுண்டு. 30 செக்கன் பழசானதும் எழுதப்படும். ஆனால் செக்கனுக்கு 5 எம்பி எழுதுகிற பென்டிரைவுக்கு 2 ஜிபி என்பது ஏழு நிமிட வேலை. டிராப் கேஷஸ் அந்தப் பக்கங்களைத் தொடவே தொடாது. எழுதாத பக்கங்கள் எவ்வளவு சேரலாம் என்று சொல்கிற 'டேர்ட்டி பைட்ஸ்' அளவைக் குறைத்து வையுங்கள், எஜெக்ட் பண்ணாமல் ஒன்றையும் கழற்ற விடாதீர்கள்.

கொக்குவிலான்: அப்ப முழு டிஸ்கையும், எழுதுவதை றாமில் சேர்த்து வைக்காமல் உடனே டிஸ்கில் எழுதுகிற 'சிங்க்' முறையில் மவுன்ட் பண்ணிவிடவா? கரண்ட் போனாலும் பயமில்லை.

நல்லூரான்: வேண்டாம். ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் டிஸ்க் பதில் சொல்லும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் தனக்குத் தேவையான நேரத்தில் தன் ஃபைலை டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லித் தானே 'எஃப்சிங்க்' கூப்பிடும்.

சுன்னாகத்தான்: டேட்டாபேஸ் கூப்பிடும் அண்ணை. படத்தைச் சேமிக்கிற புரோகிராமும் கூப்பிடும் என்று எப்படிச் சொல்வீர்கள்? முடிந்த அல்பங்கள் இருக்கிற ஃபோல்டருக்கு மட்டும் 'சட்டர்' கட்டளையால் பெரிய எஸ் கொடியைப் போடுங்கள், சிங்க் முறை அங்கே மட்டும் நடக்கும். அங்கே வேகம் குறைந்தால் குறையட்டும், அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.

நல்லூரான்: அந்த ஒரு ஃபோல்டருக்கு ஒத்துக்கொள்கிறேன். தம்பி, மணிக்கொருதரம் ஓடுகிறதை இண்டைக்கே எடுங்கள்.

கொக்குவிலான்: பக்கப்பை முதலில் திருத்துகிறேன் அண்ணை. விடிய அல்பம் கேஷில் நின்றால் எடுக்கிறேன்.